கயிறு சொன்னா கேக்கணும்

வாங்க தம்பி. அந்த வலை மேல உக்காராதிய, மீன் முள்ளு கெடக்கும். இப்படி இந்த ஐஸ் பெட்டி மேல உக்காருங்க. டீக்கடைக்காரர் காலையிலயே சொல்லிட்டாரு. மெட்ராசுலேர்ந்து ஒரு தம்பி வந்திருக்காப்ல, தாயம் உருட்டி விளையாடுத விளையாட்டு ஒண்ணு செய்யுதாப்ல, அதுக்குக் கடல் பூதம் வேணும்னு கரை பூரா கேட்டுட்டுத் திரியுதாப்லன்னு. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. கோவிச்சுக்கிடாதிய. மீன் கேட்டு வாறவன் உண்டு, கருவாடு கேட்டு வாறவன் உண்டு. பூதம் கேட்டு வந்ததுல நீங்கதான் மொத ஆளு.

எங்க, நோட்டைக் காட்டுங்க பாப்போம். இதென்ன கட்டம் கட்டமா? பேரு, அளவு, பலம், என்ன திங்கும், எப்படிக் கொல்லலாம். அது என்ன, உசுரு நாப்பதா? எய்யா! நமக்கு ஒண்ணே ஒண்ணு குடுத்திருக்கான், அதைக் கட்டிக் காக்கதுக்குள்ளயே நாக்கு தள்ளுது. ஒங்க பூதத்துக்கு நாப்பதா? நல்லா இருக்குய்யா நியாயம்.

ஆனா ஒங்களை எங்கிட்ட அனுப்பினவன் கிறுக்கன் தம்பி. எங்கிட்ட பூதம் கிடையாது. இந்தக் கரையிலயே கிடையாது. இருக்குன்னு சொல்லுதவன் பூரா இப்ப மாதா கோயில்ல பூசை கண்டுட்டு நிக்கான். முடிஞ்சு வருவான், கேளுங்க. கயித்துப் பூதம்னு ஒரு கதை அளப்பான். மூணு மாசமா எங்க ஊர்ப் பய ஒருத்தன் தண்ணியில முங்கல. பயந்தாங்கொள்ளிப் பயலுவ. நான் சொல்லப் போறது எந்தங்கச்சி மாப்பிள்ளையைப் பத்தி. எழுதணும்னா எழுதிக்கிடுங்க. பூதம்னு மட்டும் போட்டுராதிய.

எம் பேரு இஞ்ஞாசி. நாங்க சங்கு குளிக்கிற ஆளுவ. குளிக்கதுன்னா சோப்புப் போட்டுக் குளிக்கது இல்ல, முங்கித் தரையில கெடக்க சங்கைப் பொறக்கிட்டு வாறது. நான் முங்குதவன் இல்ல. நான் கயித்துக்காரன். முங்குதவன் இடுப்புல பெல்ட்டு, பெல்ட்டுல கயிறு, கயித்து முனை எங்கையில. அதுல எங்களுக்கு ஒரு முறை உண்டு. கயிறு பிடிக்கவன் முங்குதவனோட பொண்டாட்டிக்குக் கூடப்பொறந்தவனா இருக்கணும். சொந்த அண்ணன் தம்பி ஆகாது. ஏன்னு கேளுங்க. அண்ணன் தம்பிக்குள்ள ஆயிரம் பகை இருக்கும், ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் கையை விட்டுருவான். பொண்டாட்டி கூடப்பொறந்தவன் விடுவானா? விட்டா அறுகுதது அவன் தங்கச்சி தாலில்லா!

கயித்துக்கு ஒரு பாஷை உண்டு. ஒரு இழுப்பு வந்தா, கயித்தை விடு. ரெண்டு வந்தா, கூடையைத் தூக்கு. மூணு வந்தா, என்னையத் தூக்கு. அம்புட்டுத்தான். எங்கய்யா எனக்குச் சொல்லிக் குடுத்தது ஒண்ணே ஒண்ணு. ஏல, படகுல ஏறும்போது ஒம் புத்தியைக் கரையில வச்சிட்டு ஏறு, கயிறு சொன்னா கேக்கணும், கீழ இருக்கவனுக்குத் தெரியாதது மேல இருக்கவனுக்குத் தெரியாதுன்னாரு. அன்னையிலேர்ந்து அதுதான் எனக்கு வேதம்.

எந்தங்கச்சி கித்தேரி. அவ மாப்பிள்ள ரெமிஜியுஸ், ரெமின்னு கூப்பிடுவோம். பதினோரு வருசம் அவனுக்கு நான் கயிறு பிடிச்சேன். ஒரு நாள் ஒரு பொழுது பிசகினது இல்ல.

இந்த வருசம் தவக்காலம் தொடங்குத விபூதிப் புதனுக்கு மறுநாள். நெத்தியில பூசின சாம்பல் கூட இன்னும் போகல. படகுல ஏறும்போதே ரெமி சொல்லுதான், "மச்சான், ஒமக்குக் கை தளந்துட்டு. நாளையிலேர்ந்து எந்தம்பி கயிறு பிடிக்கட்டும். நீரு கரையில இரும்." எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? அவன் தம்பியாம்! முறையாவது, மண்ணாவது! உம்முன்னு கயித்தைப் பிடிச்சு உக்காந்துட்டேன். படகுல இன்னொருத்தன் லாசரு. அவன்தான் கம்ப்ரசர் ஓட்டுதவன், காத்து டியூப்பு வழியாக் கீழ காத்து அனுப்புவான்.

ரெமி முங்கிப் பத்து நிமிசம் இருக்கும். ஒரு இழுப்பு வந்துச்சு. விட்டேன். திரும்பவும் ஒரு இழுப்பு. விட்டேன். வழக்கமா ரெமி இழுத்தா சுருக்குன்னு சுண்டின மாதிரி இருக்கும். அன்னைக்கு மெதுவா, நீளமா, என்ன குடுக்கான்னு பாக்க மாதிரி வந்துச்சு. மனசுல தட்டிச்சு. தட்டாம இல்ல. ஆனா என்னையக் கை தளந்தவன்னு சொன்னேல்லா ரெமி, கயிறு கேக்கியா, இந்தா வச்சிக்க, இன்னும் வச்சிக்கன்னு விட்டேன். அது ஒரு நிமிசம்தான் தம்பி. அதை எழுதாதிய.

லாசரு கத்துதான். "அண்ணே, அவன் மூச்சு நுரை மேல வரல! இழும் அண்ணே, இழும்!" கத்தினான், இல்லன்னு சொல்லல. கயிறு விடுன்னு சொல்லுது, லாசரு இழுன்னு சொல்லுதான். நான் யார் பேச்சைக் கேக்கணும்? நீங்களே சொல்லுங்க. மிச்சம் இருந்த பதினாலு பாகமும் போயிட்டு. பாகம்னா ரெண்டு கையையும் அகல விரிச்சா எம்புட்டு நீளமோ அம்புட்டு. முனை வந்து அதைக் கட்டியிருந்த படகுக் கட்டையில முட்டி, படகு ஒரு பக்கமாச் சரிஞ்சு, கொஞ்ச நேரம் அப்படியே நின்னுச்சு. பெறவு கீழ இருந்த பிடி விட்டுட்டு.

இழுத்துப் பாத்தா பெல்ட்டு மட்டும் வருது. கொக்கி போட்டது போட்டபடி இருக்கு, உள்ள ஆளக் காணோம். காத்து டியூப்பும் அப்படித்தான். வாயில கடிக்க துண்டு இருக்குல்லா, அதைச் சுத்தமாக் கழுவி, டியூப்பைச் சுருட்டி ஒரு முடிச்சுப் போட்டு அனுப்பியிருக்கு. லாசரு அதைப் பாத்து வாந்தி எடுத்துட்டான். எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு, ரெமிக்கு ஒண்ணும் இல்லன்னு. சாகப் போறவன் கொக்கியைத் திரும்ப மாட்டுவானா? உக்காந்து முடிச்சுப் போடுவானா? அவன் எப்பவுமே சாமானைப் பத்திரமா வைக்கிறவன்.

கடலுக்கு ஒரு குணம் உண்டு தம்பி. கொண்டு போன ஆளை மூணாம் நாள் கரையில போட்டுரும். மூணு நாளு நான் கரையில கெடந்தேன். வரல. அஞ்சு நாளு ஆச்சு. வரல. அப்ப அவன் சாகலன்னுதான அர்த்தம்? சாமியாரு வந்து, வெறும் பெட்டியை வச்சாவது பூசை வைப்போம்னாரு. உசுரோட இருக்கவனுக்கு என்னத்துக்குச் சாமி சாவுப் பூசைன்னு நான் சண்டைக்குப் போயிட்டேன். ஆனா கித்தேரி தாலியைக் கழட்டிட்டா. கழட்டி எங்கையில வச்சா. "நீ பிடிச்சிருந்த கயிறுதான அண்ணே"ன்னா. அம்புட்டுத்தான். அதுக்குப் பெறவு எம் மூஞ்சியைப் பாத்துப் பேச்சே இல்ல. ஒரே தங்கச்சி தம்பி. நான் தூக்கி வளத்த பிள்ள. எனக்குச் சோறு இறங்கல. அவ ஒரு வார்த்தை, அண்ணே நீ விடலன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.

ஒம்பதாம் நாள் நான் மட்டும் படகை எடுத்துட்டு அதே இடத்துக்குப் போனேன். அதே பெல்ட்டு, அதே கயிறு, ஒரு கல்லைக் கட்டி இறக்கினேன். வெயிலு மண்டையைப் பிளக்கு. ஒண்ணையும் காணோம். கிளம்பலாம்னு கயித்தைச் சுருட்டப் போறேன், ஒரு இழுப்பு.

எம் மாதாவே! நான் அழுதேன் தம்பி. சின்னப் பிள்ள மாதிரி ஏங்கி ஏங்கி அழுதேன். ரெமி, எய்யா ரெமி, நான்தாம்ல மச்சான்னு தண்ணியைப் பாத்துக் கத்துதேன். திரும்பவும் ஒரு இழுப்பு.

ஆனா பாவம், மத்ததெல்லாம் அவனுக்கு மறந்து போச்சு. கயித்தை விடுங்கிறது ஒண்ணுதான் நெனைப்புல இருந்துச்சு. நான் ரெண்டு இழுத்தா அவன் ஒண்ணு இழுப்பான், நான் மூணு இழுத்தாலும் ஒண்ணு இழுப்பான். தண்ணிக்குள்ள ரொம்ப நாளு இருந்தா அப்படித்தான் ஆகும்போல. நான் விடல. தெனமும் போய் உக்காந்து சொல்லிக் குடுத்தேன். கூடையை இறக்குவேன், ரெண்டு இழுப்பேன், கூடையைத் தூக்குவேன். திரும்ப இறக்குவேன், திரும்ப ரெண்டு. நாலே நாளு! அஞ்சாம் நாளு அவனே ரெண்டு இழுத்தான். தூக்கிப் பாத்தா கூடை நெறையச் சங்கு. எல்லாம் வாயை மேல வச்சு வரிசையா அடுக்கியிருக்கு, ஒரு சங்குலயும் சதை இல்ல, நக்கித் தொடச்ச மாதிரி இருந்துச்சு. ரெமிக்கு மூளை எப்பவுமே கூர்மைதான்.

என்ன திங்கும்னு எழுதியிருக்கியல்லா, இதைக் கேளுங்க. அவனுக்குப் பசிக்குமேன்னு கித்தேரிகிட்டப் போய், ஏளா, கொஞ்சம் சோறு கட்டிக் குடுன்னேன். கதவை அடைச்சிட்டா. சரின்னு நானே ஒரு கோழியைக் கூடையில வச்சுக் கட்டி இறக்கினேன். ரெண்டு இழுப்பு. வெறுங்கூடை, ஒரு றெக்கை கூட இல்ல. மறு வாரம் ரெண்டு கோழி. பெறவு ஒரு ஆட்டுக்குட்டி. போன மாசம் பெரிய கெடாவே இறக்கினேன். கூடை தரைக்குப் போயிச் சேரல தம்பி, பாதியிலயே வாங்கிட்டான்! கல்யாணத்துல அவன் சாப்பிட்டதைப் பாத்து எங்கம்மா பயந்து போனா. அப்பவும் அப்படித்தான், சட்டியோட வச்சாலும் போதாது.

பதிலுக்கு அவனும் என்னமாவது அனுப்புவான். ஒரு நாள் ஒத்தைச் செருப்பு. ஒரு நாள் ஒரு கைக்கடியாரம். ஒரு நாள் யாரோ கழுத்துல கெடந்த செபமாலை. எனக்குத் தெரியாத ஆளுவ சாமான். கீழ பூராப் பொறக்கி வச்சிருக்கான்போல. நானும் ஒரு பெட்டியில போட்டு வச்சிருக்கேன்.

அந்தப் பக்கத்தூர்ப் படகு ஆள் விசயத்தை டீக்கடையில சொல்லியிருப்பானுவளே? சொல்லாம இருப்பானுவளா! ஈஸ்டருக்குப் பெறவு ஒருத்தன் எங்க பக்கம் முங்க வந்தான். கயிறு விடு, கயிறு விடுன்னே வந்துச்சாம். இப்ப வரைக்கும் ஆள் இல்ல. அதுக்கு ரெமி என்ன செய்வான்? அந்த ஆளு குடிப்பான்னு ஊருக்கே தெரியும். அதை விட்டுட்டு இஞ்ஞாசிதான் பழக்கி விட்டான்னு எம் மேல பாயுதானுவ. எங்க வீட்டு வாசல்ல கல்லு எறிஞ்சானுவ. நான் கோயிலுக்குப் போகாததும் இதனாலதான். நிக்க இடத்துல எல்லாரும் விலகிப் போறானுவ.

பாத்திருக்கேனான்னா கேக்கிய? ஒரு தடவை நல்லாப் பாத்தேன். சித்திரை மாசம், தண்ணி கண்ணாடியா இருந்துச்சு. கூடையைத் தூக்கிட்டு இருக்கேன், கீழ கடல் தரை மேல வந்து நிக்க மாதிரி இருக்கு. மண்ணு நெறம். படகை விடப் பெருசா, எந்தப் பக்கம் பாத்தாலும் முடியல. பயந்துட்டேன், உள்ளதைச் சொல்லணும்ல. ஆனா அதுக்கு நடுவுலேர்ந்து ஒரு கை வந்து கூடையைப் பிடிச்சிருந்துச்சு. கைதான் தம்பி! அஞ்சு வெரலு இருந்துச்சு, எண்ணினேன். அஞ்சும் ஒரே நீளம். தண்ணிக்குள்ள எல்லாமே கோணலாத்தான் தெரியும், குடத்துக்குள்ள அகப்பையை விட்டுப் பாருங்க. முன்ன ஒரு நாளு அந்தக் கையில வெரலு மூணுதான் இருந்த மாதிரி ஒரு நெனைப்பு. சரியாப் பாத்திருக்க மாட்டேன்.

இன்னொரு சந்தோசம் கேளுங்க. அவன் வீட்டைப் பாத்து வாறான். மொதல்ல அவன் முங்கின இடத்துக்கு ஒரு மணி நேரம் ஓட்டிப் போனாத்தான் இழுப்புக் கெடைக்கும், பதினாலு பாகத் தண்ணியில. பெறவு ஒரு நாளு அங்க ஒண்ணும் இல்ல, பதறிப் போயித் தேடினா பாதி தூரத்துலயே ஒம்பது பாகத்துல இருக்கான். போன மாசம் ஆறு பாகம். இப்ப அன்னா தெரியுது பாருங்க, அரசாங்கம் கல்லு கொட்டிப் போட்டிருக்க தூண்டில் வளைவு, அதுக்கு அந்தப் பக்கம் மூணே பாகத்துல வந்து நிக்கான். படகே வேண்டாம், கல்லு மேல நின்னு கயித்தைப் போட்டாப் போதும்.

அவன் வளைவுக்கு வந்த அன்னைக்குக் கித்தேரியைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். மாட்டேன் மாட்டேன்னா. ஒரு தடவை பிடிச்சுப் பாரு, ஒம் மாப்பிள்ள கை ஒனக்குத் தெரியாதான்னு கயித்தை அவ கையில குடுத்தேன். பிடிச்சா. கண்ணை மூடிக்கிட்டா. ஒரு இழுப்பு வந்துச்சு. அவ மூஞ்சி செத்துப் போச்சு தம்பி. அவளா ஒரு இழுப்புக் குடுத்தா, எங்க பாஷையில இல்லாத ஒண்ணு, ரெண்டு குறுக்கி ஒண்ணு நீட்டி. அது புருசன் பொண்டாட்டிக்குள்ள எதுவும் இருக்கும், நமக்கெதுக்கு. கீழேர்ந்து அதே மாதிரி திரும்ப வந்துச்சு. ரெண்டு குறுக்கி ஒண்ணு நீட்டி. அவ வேற மாதிரி இழுத்தா. அதே வேற மாதிரி வந்துச்சு. அவ கயித்தைக் கீழ போட்டுட்டா.

மூணு மாசத்துக்குப் பெறவு அன்னைக்குத்தான் எங்கிட்டப் பேசினா. "அண்ணே, இது கை இல்ல. நீ குடுக்கதைத்தான் இது திருப்பிக் குடுக்கு. முன்ன இதுக்கு ஒண்ணுதான் தெரியும், அதை வச்சே அவரைக் கொண்டு போயிட்டு. இப்ப நீ உக்காந்து பாடம் சொல்லிக் குடுக்கே. மூணு இழுப்பை மட்டும் சொல்லிக் குடுத்துராத அண்ணே. ஒங்காலைப் பிடிக்கேன்"னா. சொன்னபடி அந்தக் கல்லு மேலயே விழுந்து காலைப் பிடிச்சிட்டா.

எனக்குக் கோவம்தான் வந்துச்சு. கயித்தைப் பத்தி இவளுக்கு என்ன தெரியும்? பதினோரு வருசம் பிடிச்சவன் நானா, அவளா? தாலியைக் கழட்டினோமே, இப்ப அவன் உசுரோட இருக்கான்னா ஊருக்கு என்ன பதில் சொல்லன்னு அவளுக்கு வெக்கம், அதான். பேசாம எந்திரிளான்னு விட்டுட்டு வந்துட்டேன். ஆனா அண்ணேன்னு கூப்பிட்டால்லா. அது போதும் எனக்கு. ரெமியைக் கொண்டு வந்து அவ வாசல்ல நிறுத்திட்டா மிச்சத்தையும் பேசிருவா.

அதான், சொல்லிக் குடுத்தேன். மூணையும் சொல்லிக் குடுத்தேன். ஒரு வாரம் ஆச்சு. செவ்வாக்கிழமை மொத தடவையா அவனே மூணு இழுத்தான். என்னையத் தூக்கு. ஒரு மனுசன் அப்படிக் கேட்டா எப்படி இருக்கும்! உள்ளங்கை கிழியிற வரைக்கும் இழுத்துப் பாத்தேன், இன்னா பாருங்க காயத்தை. அசையல. நைலான் கயிறு அறுந்துட்டு. மறுநாள் வேற கயிறு கட்டினேன், அதைக் கித்தேரி அரிவாமணையால அறுத்துட்டா. ரெண்டு தடவை அறுத்தா. கூடப்பொறந்தவளே இப்படிச் செஞ்சா யாருகிட்டச் சொல்லி அழ?

நானும் லேசுப்பட்டவன் இல்ல. இன்னைக்கு விடியக்காலம் விசைப்படகுல இருந்த கம்பிக் கயித்தைக் கொண்டு வந்துட்டேன். அரிவாமணை இல்ல, அவ கோடாலியே கொண்டு வந்தாலும் அறுகாது. ஒரு முனை தூண்டில் வளைவுக்கு அங்கிட்டு அவன்கிட்ட இருக்கு. மறு முனையை, அன்னா அந்த நீலக் கதவு வீடு இருக்குல்லா, அதான் கித்தேரி வீடு, அந்த வாசல் தூண்ல கட்டியிருக்கேன். மூணு இழுப்பு வந்தா மொதல்ல அவளுக்குத் தெரியணும்லா? வீடே அதிரணும். அவ காய்ச்சல்னு பூசைக்குப் போகல, உள்ளதான் படுத்திருக்கா. நான் கட்டினது அவளுக்குத் தெரியாது.

காலை எடுங்க தம்பி. நீங்க மிதிச்சிட்டு இருக்கது அந்தக் கயிறுதான். நான் சும்மா கூப்பிட்டு வச்சுக் கதை பேசல. ஊருல ஒரு பய கை குடுக்க வரல. ஒங்க கையைப் பாத்தேன், நல்ல கை. நீங்க ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் பிடிச்சா வந்துருவான். எழுதினது போதும், அதை மூடி வைங்க.

இருங்க. பேசாதிய.

ஒண்ணு. பாத்தியளா, மணலு எப்படிச் சிதறுதுன்னு? ரெண்டு. அன்னா, தூணு ஆடுது. மூணு. மூணுதான் தம்பி! பிடிங்க! கயிறு கேட்டுட்டு, இனி யோசிக்கப்படாது. பிடிச்சு இழுங்க, ஏலேலோ சொல்லி இழுங்க, ஏன் மரம் மாதிரி நிக்கிய? எம்மா, என்னா கனம்! இழு, இழு, வருது, ஒரு முழம் வந்துட்டு, கல்லு உருளுத சத்தம் கேக்குதா? வளைவுக் கல்லைப் பூராப் பொரட்டிட்டு வாறான். ரெமி, வாய்யா, வா!

அட. லேசாயிட்டு.

தம்பி, கனமே இல்ல. ஒத்தைக் கையால சுருட்டலாம்போல இருக்கு. கயிறு தொய்ஞ்சு வருது பாருங்க. இனி இழுக்கவே வேண்டாம். அவனா வாறான். வெரசா வாறான். தண்ணி என்ன இம்புட்டு உள்வாங்குது? தம்பி! எங்க ஓடுதிய? நோட்டு கெடக்கு தம்பி!

போனாப் போறான், நமக்கென்ன. கித்தேரி! ஏளா கித்தேரி! கதவைத் திறளா! தூணைப் பாரு, கயித்தைப் பாரு, அண்ணன் கையைப் பாரு! நான் விடல பிள்ள! நான் விடவே இல்ல!